27 வருகைகளா, 14 குழந்தைகளா?

இந்த வாரம் ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். ஊர், பெயர், அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய மகனுக்கு 8 வயது, ஆஸ்துமா இருக்கிறது. இரண்டு வருடத்தில் ஆறு முறை அவனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அங்கே காத்திருக்கும்போது தன் தெருக்காரர்களையே அடிக்கடி பார்த்ததில் அவருக்குச் சந்தேகம் வந்தது. குடியிருப்போர் சங்கத்தில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கணக்கெடுக்க ஆரம்பித்தார். மொத்தக் குடியிருப்பையும் 20 பிளாக்குகளாகப் பிரித்தார்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 600 குழந்தைகள். பக்கத்தில் உள்ள இரண்டு மருத்துவமனைகளில் தெரிந்த ஊழியர்கள் மூலமாக ரெஜிஸ்டரைப் பார்த்து, இரண்டு வருடத்தில் மூச்சிரைப்போடு அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகளின் விவரத்தை எழுதியெடுத்தார்கள். மொத்தம் 240 வருகைகள். பிளாக்குக்கு 12 என்று வர வேண்டும், அவர்களுடைய பிளாக்கில் மட்டும் 27.

உறவினரான ஒரு கல்லூரி மாணவர் இதைச் சாட்ஸ்கேன் என்ற, நோய் எங்கே அதிகமாகக் குவிகிறது என்று தேடும் இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்திருக்கிறார். 'இங்கே ஒரு கொத்து இருக்கிறது, பி மதிப்பு 0.004' என்று அது சொல்லிவிட்டது. கொத்து என்றால் நோய் ஒரே இடத்தில் குவிந்திருப்பது, பி மதிப்பு என்பது வெறும் தற்செயலாகவே அந்த அளவுக் குவியல் வருவதற்கான வாய்ப்பு. அதன் பிறகு வரைபடத்தைப் பார்த்தபோதுதான், பிளாக்கின் ஓரத்தில் லாரிகள் மூட்டையில்லாமல் மொத்தமாகச் சரக்கு இறக்கும் ஒரு கிடங்கு இருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. இறக்கும்போது தூசி பறக்கும் என்கிறார். வீடு வீடாகப் புள்ளி வைத்த வரைபடம் இப்போது வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் கேட்பது மூன்று கேள்விகள். இது நிரூபணம்தானே? கிடங்கின் மேல் வழக்குப் போடலாமா? வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா?

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் மகனைப் பற்றிப் பேசிவிடலாம், வரைபடம் காத்திருக்கும். இரண்டு வருடத்தில் ஆறு அவசர வருகை என்றால் அவனுடைய ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். தூசி காரணமோ இல்லையோ, அதை இன்றைக்கே சரிசெய்ய ஆரம்பிக்கலாம். மூச்சு முட்டும்போது அடிக்கும் இன்ஹேலர் மட்டும்தான் அவனிடம் இருக்கிறதா, தினமும் எடுத்துக்கொள்ளும் தடுப்பு இன்ஹேலர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தடுப்பு இன்ஹேலர் இல்லையென்றால் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். இருந்தால் ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வைத்துச் சரியாக எடுக்கிறானா என்று மருத்துவர் முன்னாலேயே ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். மருந்து சரியாக இருந்தும் எடுக்கும் முறை தப்பாக இருப்பதால் அவதிப்படும் பிள்ளைகள் ஏராளம். மூச்சு லேசாக இறுகினால் என்ன செய்வது, எப்போது கிளம்பி ஓடுவது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் இணைத்த பட்டியலில் 9 முறை அவசரப் பிரிவுக்கு வந்த இன்னொரு குழந்தையின் வீட்டுக்கும் இதே தகவல் போய்ச் சேரட்டும்.

சரி, இப்போது கணக்குக்கு வருகிறேன்.

உங்கள் குழு செய்த வேலையை நான் மதிக்கிறேன். பெரும்பாலானவர்கள் 'எங்கள் தெருவில் எல்லாருக்கும் வருகிறது' என்று சொல்வதோடு நின்றுவிடுவார்கள். நீங்கள் எத்தனை பேரில் எத்தனை என்று கேட்டிருக்கிறீர்கள், மற்ற பிளாக்குகளோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் எதை எண்ணுவது என்ற இடத்தில் ஒரு பிசகு நடந்திருக்கிறது, அதுதான் முடிவையே மாற்றிவிடுகிறது.

எதை எண்ணினீர்கள்?

நீங்கள் எண்ணியது வருகைகளை. இருபத்தேழு வருகை. ஆனால் நீங்கள் இணைத்த பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், அதில் ஒரு குழந்தை 9 முறை வந்திருக்கிறது, உங்கள் மகன் 6 முறை, மீதி 12 குழந்தைகள் ஆளுக்கு ஒரு முறை. அதாவது 27 வருகைக்குப் பின்னால் இருப்பது 14 குழந்தைகள். மொத்தக் குடியிருப்பிலும் அப்படித்தான், 240 வருகைக்குப் பின்னால் 150 குழந்தைகள்.

மென்பொருள் எப்படி யோசிக்கிறது என்று தெரிந்தால் இது ஏன் முக்கியம் என்பது புரியும். சாட்ஸ்கேன் பயன்படுத்தும் முறையை மார்ட்டின் குல்டார்ஃப் என்ற புள்ளியியலாளர் 1990களில் உருவாக்கினார், 1997-ல் அதை விரிவாக வெளியிட்டார். வரைபடத்தின் மேல் ஒரு வட்டத்தை வைத்து, அதைச் சிறிதிலிருந்து பெரிதாக்கி, அப்புறம் அடுத்த இடத்துக்கு நகர்த்தி, மறுபடியும் பெரிதாக்கி, இப்படி நூற்றுக்கணக்கான வட்டங்களைப் பார்க்கும். எந்த வட்டத்துக்குள் எதிர்பார்த்ததைவிட எண்ணிக்கை மிகவும் தூக்கலாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். இத்தனை வட்டங்களைத் தேடினால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே தூக்கலாக வரும் அல்லவா? அதற்காக அது இன்னொரு வேலையும் செய்கிறது. அதே 240 வருகைகளையும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லா பிளாக்குகளிலும் சும்மா குலுக்கிப் போட்டு, 999 கற்பனை வரைபடங்களை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் மிகப் பெரிய கொத்தைத் தேடும். உங்களுக்கு வந்த 0.004 என்பதன் பொருள், அந்த 999-ல் மூன்றே மூன்றில்தான் உங்கள் கொத்து அளவுக்கு வந்தது என்பது. தேடிக் கண்டுபிடித்த கொத்துக்கு இது நேர்மையான விலை, இந்த முறையின் பலமே அதுதான்.

ஆனால் அந்தக் குலுக்கலில் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு வருகையும் தனித்தனிச் சீட்டு, ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லை என்று அது நினைத்துக்கொள்கிறது. உண்மை அப்படி இல்லையே. உங்கள் மகனின் இரண்டாவது வருகை அவனுடைய முதல் வருகையோடு கட்டப்பட்டது. ஆறு சீட்டும் ஒரே வீட்டில்தான் விழும், குலுக்கினால் ஆறு வீட்டுக்குப் பிரிந்து போகாது. ஒன்பது முறை வரும் ஒரு குழந்தை எந்த பிளாக்கில் குடியிருந்தாலும் அந்த பிளாக் வீங்கித்தான் தெரியும்.

எண்களைப் போட்டுப் பார்க்கலாம், பொறுமையாகப் படியுங்கள். 12 எதிர்பார்க்கும் இடத்தில் 27 அல்லது அதற்கு மேல் வருவது, வருகைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், ஏறக்குறைய 7,500-ல் ஒரு தரம் நடக்கக்கூடியது. பயமுறுத்தும் எண்தான். இப்போது குழந்தைகளை எண்ணுங்கள். 150 குழந்தைகள் 20 பிளாக்கில் என்றால் பிளாக்குக்கு 7.5 எதிர்பார்க்கலாம், உங்களிடம் 14. அப்படி வருவது சுமார் 46-ல் ஒரு தரம். அதுவும் ஒரே ஒரு பிளாக்கை முன்கூட்டியே சுட்டிக்காட்டியிருந்தால்தான். 20 பிளாக்கில் ஏதாவது ஒன்றாவது இப்படி வருவதற்கான வாய்ப்பு 35 சதவீதத்துக்குப் பக்கம். மூன்று குடியிருப்புகளில் ஒன்றில், எந்தக் காரணமும் இல்லாமலே, உங்களுடையதைப் போல ஒரு பிளாக் இருக்கும். அங்கேயும் ஒரு தாய் இதே கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் வருகைகளைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ஒரு குழந்தை 9 முறை வருகிறது என்பதும் ஒரு செய்திதான், ஒரு முறை வந்தவரையும் 9 முறை வந்தவரையும் ஒன்றாக்கினால் அந்தச் செய்தி காணாமல் போகிறது. இதற்காகவே கூட்டுப் பாய்சான் என்ற ஒரு வழி இருக்கிறது. அதில் கணக்கு இரண்டு படியாக நடக்கும். எத்தனை குழந்தைகள் வந்தார்கள் என்பது ஒரு படி, வந்த குழந்தை ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தது என்பது அடுத்த படி, இரண்டையும் சேர்த்துத்தான் மொத்த வருகை. உங்கள் பட்டியலில் 150 குழந்தைகளில் 110 பேர் ஒரே முறை, 22 பேர் இரண்டு முறை, 10 பேர் மூன்று முறை, மீதி 8 பேர் 5 முதல் 10 முறை வரை வந்திருக்கிறார்கள். இதை வைத்துக் கணக்கிட்டால், ஒரு பிளாக்கின் வருகை எண்ணிக்கை சாதாரணமாகவே ஏறி இறங்கும் அளவு மென்பொருள் நினைப்பதுபோல 3.5 அல்ல, 6-க்குப் பக்கம். மென்பொருளின் கண்ணில் உங்கள் 27 என்பது சராசரியான 12-லிருந்து அந்த ஏற்ற இறக்க அளவைப் போல நான்கு மடங்குக்கும் மேல் விலகி நின்றது. சரியான அளவுகோலில் அது இரண்டரை மடங்குதான். கவனிக்க வேண்டிய எண், ஆனால் கதவைத் தட்டி ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும் எண் அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனம் வருந்தாதீர்கள். உங்கள் மகனால்தான் இந்தத் தேடலே தொடங்கியது. ஒரு தேடலைத் தொடங்கிவைத்த நோயாளியை அந்தக் கணக்கிலேயே சாட்சியாகவும் சேர்த்தால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அவன் இருப்பதால்தான் நீங்கள் அந்த இடத்தைப் பார்த்தீர்கள் என்பதால், அவனை எடுத்துவிட்டும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நோய்க் கொத்துகளை ஆராயும் எங்கள் துறையின் வழக்கம்.

கிடங்கு எப்போது கண்ணில் பட்டது?

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். 'வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் கிடங்கு இருப்பதையே கவனித்தோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி, ஏனென்றால் எல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. கிடங்கின் மேல் உங்களுக்கு முன்பே சந்தேகம் இருந்து, 'இதைச் சுற்றி இந்தத் தூரத்துக்குள் இருக்கும் பிளாக்கில் அதிகமா?' என்று கேட்டுவிட்டு எண்ணியிருந்தால், அந்த 46-ல் ஒன்று அப்படியே நின்றிருக்கும், அதற்குக் கொஞ்சம் எடை உண்டு. கொத்தைப் பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால் எப்போதும் ஏதாவது இருக்கும். கிடங்கு இல்லையென்றால் பெட்ரோல் பங்க், அதுவும் இல்லையென்றால் ஒரு சாக்கடை, ஒரு செல்போன் கோபுரம். சுவரில் கண்ணை மூடிச் சுட்டுவிட்டு, குண்டு அதிகம் பட்ட இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து 'குறி தப்பவில்லை' என்று சொல்வதைப் போல என்று எங்கள் துறையில் சொல்வார்கள்.

கிடங்கு குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. இந்த வரைபடத்தால் அதைச் சொல்லவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

உங்கள் உறவினர் ஜான் ஸ்நோ என்ற லண்டன் மருத்துவரை உதாரணம் காட்டினார் என்று எழுதியிருந்தீர்கள், 'புள்ளி வைத்துத்தானே அவர் காலராவின் காரணத்தைக் கண்டுபிடித்தார்' என்று. பலரும் நம்பும் கதை இது, ஆனால் வரிசை தலைகீழ். லண்டனில் 1854-ல் பிராட் தெருப் பகுதியில் காலரா வெடிப்பதற்கு ஐந்து வருடம் முன்பே, 1849-ல், காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று அவர் எழுதிவிட்டார். அந்தத் தெருவில் மக்கள் தண்ணீர் பிடித்த அடிகுழாய் மேல் சந்தேகம் முதலில் வந்தது, பெயர்பெற்ற வரைபடம் அதற்கு அப்புறம்தான். அவர் வாதத்துக்கு உண்மையான பலம் கொடுத்தவை புள்ளிகள் குவிந்த இடங்கள்கூட அல்ல, விதிவிலக்குகள்தான். குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலையின் தொழிலாளர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. வெகு தூரத்தில் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை இறந்தார், அவருக்கு அந்தக் குழாயின் தண்ணீர் பிடிக்கும் என்று தினமும் வரவழைத்துக் குடித்தார். நீங்களும் இதையே கேட்க வேண்டும். கிடங்குக்கு ஒட்டியே இருந்தும் ஒன்றும் ஆகாத வீடுகள் எவை? தூரத்தில் இருந்தும் சரக்கு இறங்கிய நாளில் மூச்சு முட்டிய குழந்தை அன்று எங்கே இருந்தது?

எண்ணுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

இரண்டு மருத்துவமனையின் ரெஜிஸ்டரை மட்டும் பார்த்தீர்கள். அதில் ஒன்று உங்கள் பிளாக்கிலிருந்து நடக்கும் தூரம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவசரப் பிரிவு பக்கத்தில் இருந்தால் மக்கள் அடிக்கடி போவார்கள். தூரத்து பிளாக்கில் இருப்பவர்கள் வீட்டிலேயே சமாளிப்பார்கள், அல்லது நீங்கள் பார்க்காத மூன்றாவது மருத்துவமனைக்குப் போவார்கள். அப்படியானால் உங்கள் வரைபடம் நோயைக் காட்டவில்லை, கதவுக்கு எவ்வளவு பக்கம் என்பதைக் காட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் சரிபார்த்தாலே பாதிக் கொத்துகள் கரைந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

நானே இதில் விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்னப் பகுதியில் ஒரே நோய் குவிந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று மூன்று மாதம் தூக்கமில்லாமல் அலைந்தேன். தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தோம், மண்ணைத் தோண்டினோம். கடைசியில் ஒரு வீட்டுப் பாட்டி சொன்னார், 'இவர் எங்கள் ஊர்க்காரர் இல்லையே, வைத்தியத்துக்காக வந்து தங்கியிருந்தார்' என்று. பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கி, அந்த முகவரியைக் கொடுத்தவர்கள். நோய் அவர்களோடு வந்தது, அந்த இடத்தில் முளைக்கவில்லை. அன்றிலிருந்து முகவரியைப் பார்த்தால் 'எப்போதிலிருந்து இங்கே?' என்று கேட்காமல் நான் ஒரு புள்ளியும் வைப்பதில்லை.

வயதையும் பாருங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குச் சளிக் கிருமிகளாலேயே மூச்சிரைப்பு வரும், அவர்களில் பலருக்கு அது ஆஸ்துமாவாக நிலைக்காது. உங்கள் பிளாக்கில் இளம் தம்பதிகள் அதிகம் என்றால் கைக்குழந்தைகளும் அதிகம், வருகையும் அதிகம். 600 என்பது எல்லா பிளாக்குக்கும் ஒரே மாதிரி உண்மையா, எப்போதைய கணக்கு என்பதையும் கேளுங்கள். அப்புறம் ஒரே மூச்சிரைப்புக்காக இன்று வந்து, மறுநாளும் வந்தால் அது இரண்டு நிகழ்வு அல்ல, ஒன்றுதான். சில நாட்களுக்குள் வரும் வருகைகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். எத்தனை நாள் என்பதை எண்ணுவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

வரைபடத்தை விடுங்கள், காலண்டரை எடுங்கள்

இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். புற்றுநோய்க் கொத்து என்றால் காலம் நமக்கு உதவாது. காரணம் பத்து, இருபது வருடத்துக்கு முன்பு இருந்திருக்கும், மனிதர்கள் அதற்குள் வீடு மாறியிருப்பார்கள். அமெரிக்காவில் இருபது வருடத்தில் நடந்த 428 புற்றுநோய்க் கொத்து விசாரணைகளை 2012-ல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தபோது, தெளிவான காரணம் தெரியவந்தது ஒரே ஒரு விசாரணையில்தான். ஆஸ்துமா அப்படி இல்லை. தூசி காற்றில் ஏறினால் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் மூச்சு இறுகும். 'எங்கே' என்ற கேள்வியைவிட 'எந்த நாளில்' என்ற கேள்விதான் உங்களுக்குக் கூர்மையான ஆயுதம்.

ஸ்பெயினின் பார்சிலோனாவில் நடந்ததைக் கேளுங்கள். 1981-லிருந்து 1987 வரை அந்த நகரத்தில் 26 நாட்களில், திடீரென்று சில மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவுகளில் ஆஸ்துமா நோயாளிகள் குவிந்தார்கள். புகையும் காற்று மாசும்தான் காரணமாக இருக்கும் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள், அது பொருந்தவில்லை. நோயாளிகள் இருந்த இடத்தைக் குறித்தபோது துறைமுகப் பக்கம் சாய்வு தெரிந்தது. அதோடு நின்றிருந்தால் துறைமுகத்தில் இருக்கும் நூறு விஷயங்களில் எது என்று தெரிந்திருக்காது. கப்பல்கள் எந்த நாளில் எந்தச் சரக்கை இறக்கின என்ற பதிவேட்டை எடுத்து, அந்த நாட்களோடு பொருத்திப் பார்த்தார்கள். 1985, 1986 ஆகிய இரண்டு வருடத்தில் வந்த 13 ஆஸ்துமா நாட்களிலும், பதின்மூன்றிலும், சோயா மொச்சை இறக்கப்பட்டிருந்தது. நோயாளிகளில் பெரும்பாலானோரின் ரத்தத்தில் சோயாவுக்கு எதிரான ஒவ்வாமைக் கூறு இருந்தது. ஒரு சேமிப்புக் கோபுரத்தின் மேல் தூசியைப் பிடிக்கும் வடிகட்டி இல்லை என்பது தெரிந்து, அதை மாட்டிய பிறகு அந்தக் கொள்ளைநோய் நாட்கள் நின்றன. அந்தக் கோபுரத்தை அடையாளம் காட்டியது கப்பல்களின் தேதிகள்.

உங்களால் இதைச் செய்ய முடியும், செலவும் பெரிதாக இல்லை. அடுத்த ஒரு வருடத்துக்கு இரண்டு பேரை நியமியுங்கள். ஒருவர் கிடங்கில் சரக்கு இறங்கும் நாளையும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதையும் மட்டும் எழுதட்டும். இன்னொருவர், பெற்றோர்கள் ஒப்புக்கொண்டால், குழந்தைகளுக்கு மூச்சு முட்டிய நாளை மட்டும் எழுதட்டும். இருவரும் ஒருவர் குறிப்பை ஒருவர் பார்க்கக் கூடாது, இதில் கண்டிப்பாக இருங்கள். சந்தேகம் நிறைந்த மனசு, தூசி பறந்த நாளில் சாதாரண இருமலையும் எழுதிவிடும், அது யாருடைய குற்றமும் இல்லை. வருட முடிவில் இரண்டு நோட்டையும் ஒன்றாகத் திறங்கள்.

ஒவ்வொரு குழந்தையும் தனக்குத் தானே ஒப்பீடு என்பது இந்த வழியின் அழகு. ஏழைக் குடும்பமா, வீட்டில் ஈரமா, புகை பிடிப்பவர் இருக்கிறாரா, மருத்துவமனை பக்கமா என்பதெல்லாம் அந்தக் குழந்தைக்குத் தூசி நாளிலும் ஒன்றுதான், தூசியில்லாத நாளிலும் ஒன்றுதான். உதாரணத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் சரக்கு இறங்குகிறது, வருடத்தில் 21 முறை மூச்சிரைப்பு வந்தது என்று வைத்துக்கொள்வோம். சம்பந்தமே இல்லையென்றால் அதில் 6 முறை அந்த நாட்களில் விழும். 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால், அது தற்செயலாக நடக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே, அப்போது நான் எழுந்து உட்காருவேன். இறக்குவது எப்போதும் திங்கட்கிழமைதான் என்றால் மட்டும் கவனம், கிழமைக்கே ஒரு போக்கு இருக்கும், இறக்காத திங்கட்கிழமையோடுதான் ஒப்பிட வேண்டும். இங்கேயும் ஒரே குழந்தை 9 முறை வந்தால் அதன் எடையைத் தனியாகப் பாருங்கள். தூரத்து பிளாக்குகளின் தேதிகளும் வேண்டும். பள்ளி திறந்த வாரத்தில், சளி பரவும் மாதத்தில் எல்லா பிளாக்கிலும் ஒன்றாக ஏறும். கிடங்குப் பக்கம் மட்டும் ஏறுகிறதா என்பதே கேள்வி.

வழக்கு, வீடு, அந்த வரைபடம்

வழக்கைப் பற்றி. இப்போது இருக்கும் 0.004-ஐ எடுத்துக்கொண்டு போனால், எதிர்த் தரப்பில் ஒரு புள்ளியியலாளர் வந்து நான் மேலே சொன்னதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். அதோடு உங்கள் உண்மையான புகாரும் சேர்ந்து அடிபட்டுப்போகும், பின்னால் நல்ல ஆதாரம் கிடைத்தாலும் 'முன்பே தோற்ற கதை' என்பார்கள். அதே சமயம் இன்னொரு தவறான எண்ணத்தையும் விட்டுவிடுங்கள், கொத்து நிரூபணமானால்தான் தூசியைப் பற்றிப் பேசலாம் என்று நீங்கள் நினைப்பதாகத் தெரிகிறது. தேவையே இல்லை. குடியிருப்புக்குள் தூசி பறக்கிறது என்பதே ஒரு புகார். காற்றில் இருக்கும் நுண்துகளை அளக்கச் சொல்லலாம், சரக்கை மூடி இறக்குகிறார்களா, தூசி பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறதா, உரிமத்தின் நிபந்தனைகள் என்ன என்று அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்கலாம். ஒரு குழந்தைக்குக்கூட நோய் வராவிட்டாலும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. சுகாதாரத் துறையிடமும் எழுதுங்கள், ஆனால் 'கொத்தை நிரூபித்துவிட்டோம்' என்று எழுதாதீர்கள். 'எங்கள் பிளாக்கில் 14 குழந்தைகள், எதிர்பார்ப்பது 7 அல்லது 8, எல்லா மருத்துவமனைகளின் கணக்கையும் வயதுவாரியாகப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று எழுதுங்கள். பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது.

அவர்கள் பார்த்துவிட்டு 'கொத்து இல்லை' என்று சொன்னாலும் அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 14 குழந்தைகள் போன்ற சின்ன எண்ணிக்கையில், நோய் உண்மையிலேயே ஒன்றரை மடங்கு ஆகியிருந்தாலும் புள்ளியியல் அதைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம். கொத்து தெரியவில்லை என்பதும் ஆபத்து இல்லை என்பதும் ஒன்றல்ல. அதிகாரிகள் சில சமயம் இந்த இரண்டையும் கலந்து பேசுவார்கள், அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீட்டை விற்பதற்கு இந்த வரைபடம் போதாது என்பது என் கருத்து. அவசரமாக மாறிப் போன புது வீட்டில் ஈரச் சுவர் இருந்தால் பையனுக்கு இதைவிட மோசமாகலாம். முதலில் தடுப்பு மருந்து ஒழுங்காகி மூன்று மாதம் போகட்டும். அதற்குப் பிறகும் சரக்கு இறங்கும் நாளில் மட்டும் அவனுக்கு மூச்சு இறுகினால், காலண்டரோடு மருத்துவரிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அதுவரை அந்த நாட்களில் ஜன்னலை மூடி வைப்பது, அவனை உள்ளே விளையாடச் சொல்வது சின்ன உதவி, ஆனால் உதவிதான்.

கடைசியாக, வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அந்த வரைபடம். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பிளாக்கில் 14 புள்ளி, வீட்டு வாசலில். அக்கம்பக்கத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு புள்ளியும் யாரென்று தெரியும். அந்தப் பெற்றோர்கள் யாரும் உங்களிடம் சம்மதம் சொல்லவில்லை. தெரிந்த ஊழியர் மூலமாக ரெஜிஸ்டரைப் பார்த்தது நல்ல எண்ணத்தில்தான் என்று எனக்குத் தெரியும், ஆனால் நோயாளியின் விவரம் அவருடையது, அதைக் கொடுத்த ஊழியருக்கு வேலையே போகலாம், உங்கள் மேலும் புகார் வரலாம். இன்றைக்கே அதை நீக்கச் சொல்லுங்கள், பகிர்ந்தவர்களிடமும் அழிக்கக் கேளுங்கள். உங்களிடம் இருக்கும் பட்டியலில் பெயரையும் கதவு எண்ணையும் அடித்துவிட்டு பிளாக், வயது, தேதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 14 வீட்டுக்கும் நேரில் போய் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். ஒருவர் மறுத்தால் அவர் குழந்தையை நோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், கணக்கு அதனால் கெட்டுவிடாது.

காலண்டர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பு நீங்கள் முடிவு செய்த விதிகளை, எத்தனை நாளுக்குள் வந்தால் ஒரே நிகழ்வு, தூசி நாளும் மறுநாளும் சேருமா சேராதா, எந்தெந்த பிளாக் 'பக்கம்', எது 'தூரம்' என்பதை, ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு எனக்கு அனுப்பிவையுங்கள். நான் பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்கிறேன். குழந்தைகளின் பெயர் மட்டும் வேண்டாம்.